எனக்கு மட்டும்

நவம்பர் 14, வெள்ளி, ராத்திரி.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கப்பலில் நெட் ரொம்ப மெதுவாகத்தான் வரும். வீடியோ கால் வராது, செய்திப் பக்கம் மட்டும் திறக்கும். அதனால்தான் பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷனை நானும் போட்டு, அவுகளையும் போட வைத்தேன். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படித்து, பிடித்த வரிக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் பேசிக்கொள்ளலாம்.

பத்து நாள் எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. எனக்கா வீம்பு வராது? மெசேஜும் போடவில்லை.

இன்றைக்கு ஆபீசில் பக்கத்து சீட் ஜெனிஃபர் என் குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏளா, எல்லாத்தையும் 'எனக்கு மட்டும்'னுல்லா போட்டு வச்சிருக்க!"

ஊர் பார்த்துவிடக் கூடாதென்று நானே தட்டியதுதான். அவுகளுக்கும் தெரிகிற மாதிரி மாற்றினேன்.

முத்தையாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் லேப்டாப்பைத்தான் திறந்தேன். அத்தனைக்கும் பதில் வந்திருக்கு, மீன் விலைச் செய்திக்குக்கூட. புயல் எச்சரிக்கையில் 'யாரும் கடலுக்குப் போக வேண்டாம்' என்ற வரிக்கு மஞ்சள் பூசி, "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தேன். அவுக எழுதியிருக்காக: "கடல் அமைதியாத்தான் கிடக்கு. இந்த வரியை நான் கிளம்புற அன்னைக்குக் காட்டியிருக்கக் கூடாதாளா?"

அதே வரியில் இன்னொரு குறிப்பு எழுதினேன். இந்தத் தடவை தெரிந்தேதான் 'எனக்கு மட்டும்' என்று தட்டினேன்.