வானத்துக்குக் கொடுத்த குடை

ஐப்பசி 9, வியாழன், 1978

என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் ஒன்றை இன்று மாலை எடுத்தேன். குடையைக் கொடுத்துவிட்டேன். இந்த மலைக்கு வாத்தியாராக வரச் சம்மதித்ததும், கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் இதைவிடக் குறைந்த யோசனையில் நடந்தவை.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாள் முதல் சரோஜா என்னிடம் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. போன வாரம் திடீரென்று புளியங்கொட்டைப் பசை காய்ச்சினாள். பழைய காலண்டர் அட்டையில் சாமை உமி, கிழிந்த புடவை, தீப்பெட்டிப் படம் என்று ஒட்டத் தொடங்கினாள். அடுப்பிலிருந்த பசையைக் கூழ் என்று நம்பி, உப்புப் போட்டு அரை டம்ளர் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அட்டையில் உமியால் ஒரு மலை எழுந்திருந்தது. அதன் அடியில், குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையின் ஒரு கை ஒட்டியிருந்தது. நான் அதை அதிகம் பார்க்கவில்லை. மேலே வானத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"இன்னாங்க, ஒங்க கொட ரொம்பப் பழசாப் போச்சுல்ல?"

"நல்லாத்தான் இருக்குது."

"இந்தக் கருப்பு வேற எதுலயும் இல்லீங்க."

"மழைக்காலம், சரோஜா."

"நனைஞ்சா இன்னா? பசையவே உப்புப் போட்டுக் குடிச்ச ஒடம்பு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கத்தரிக்கோலை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் பசை தடவினாள். துணி சுருங்காமல் நான் இழுத்துப் பிடித்தேன். ஒட்டி முடித்ததும் அட்டையைச் சுவரில் மாட்டினோம். நட்சத்திரத்துக்கு நாளை என் சட்டைப் பொத்தான்கள் வேண்டுமாம்.

சாப்பிட்டு முடித்ததிலிருந்து மழை பெய்கிறது. நாளை பள்ளிக்கூடம் உண்டு. குடை சுவரில் இருக்கிறது.