சபிஹா தூவிய விதை

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் மலேசியாவிலிருந்து கொடுத்தனுப்பிய சீனக் கீரை கொல்லையில் தளதளவென்று வளர்ந்துவிட்டது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள், நம் சபிஹாதான் விதையை மணலோடு கலந்து பாத்தியில் தூவினாள். "வாப்பா வந்ததும் நானே பறிச்சுக் குடுப்பேன் உம்மா" என்றாள்.

அவள் அடக்கத்துக்கு உங்களால் வர முடியவில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நேற்று பக்கத்து வீட்டு கமருன்னிஸா அக்கா வந்து, "முத்திப்போவுது புள்ள, பறிச்சிடு" என்றார். என் கை ஓடவில்லை. அவரையே பறித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஓரத்தில் கொஞ்சம் செடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது, அவள் கைபட்டது ஏதாவது ஒன்று மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா