முதலாளி மாட்டிய தலைப்பு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எனக்கு அதுவே போதும். உன் கடிதமும் கல்லூரிப் பத்திரிகையும் வந்து சேர்ந்தன. அப்பாவைப் பற்றி நீ எழுதியதை முழுவதும் படித்தேன், நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், இரண்டு நாள் ஆயிற்று. அழுதாயா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. அழுதுடுங்க அண்ணி, மனசு லேசாகும் என்று உன் அத்தையும் தினம் சொல்கிறாள், மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வதுபோல. வந்தால் அழமாட்டேனா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகிறேன், போர்வை மடிக்கிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். ருசி தெரிவதில்லை, அதனால் அத்தை சமையலில் குறையும் தெரிவதில்லை.

கட்டுரையைப் போட்டிக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்தத் தலைப்போடு அனுப்பாதே, இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ‘ஓய்ந்தது ஓர் உழைப்பின் குரல்’ என்று போட்டிருக்கிறாய். தலைப்பு மனதைத் தொட வேண்டும் என்று உன் பேராசிரியர் சொன்னாராம். தொட்டது, யாரைத் தொட்டது என்று கேள். எல்லோரும் பார்க்கட்டும் என்று பத்திரிகையைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன், பெருமைக்குத்தான், மறைக்கவில்லை. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் பெரிய எழுத்தைத்தான் படிப்பார்கள். என்னோடு போர்வைக்கு மறுமுனை பிடிக்கிறவள், புதிதாகச் சேர்ந்தவள், படித்துவிட்டு, பாவம்க்கா, ரொம்ப நாளா முடியாம இருந்தாரா என்றாள். இல்ல, கிடங்குல சரக்கு லிஃப்ட் விழுந்ததுடி என்றேன். அது எங்கக்கா போட்டிருக்கு என்று கேட்டாள். நான் விரலை வைத்துத் தேடிக் காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா மேலாளரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது கடைசிப் பத்தியில் இருக்கிறது, அதுவரை யார் வருவார்கள். உன் அப்பா குரல் தானாக ஓய்கிற குரலா. அண்ணனுக்குப் போனே தேவையில்லை, இங்கிருந்து பேசினாலே அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பாளே அத்தை.

போன வாரம் அப்பாவின் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிவர அவர் வேலை பார்த்த கிடங்குக்குப் போனேன். முதலாளி எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு நாளும் போட்டதில்லை. பொண்ணு என்னமா எழுதியிருக்கும்மா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு என்றார். மனசாட்சி உறுத்தட்டும் என்று நீதான் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினாயாம். உறுத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அப்பா படமும் உன் தலைப்பும் மட்டும்தான், கீழே நீ எழுதியதை எல்லாம் வெட்டிவிட்டிருக்கிறார்கள். கழற்றிக் கொடுங்கள் என்றேன். ஏம்மா, மரியாதைக்குத்தானே மாட்டியிருக்கோம் என்றார். எங்க வீட்டு ஆளுக்கு மரியாதை எங்க வீட்டுலயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டார். இப்போது அது நம் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

நீ எழுதியதில் குறையில்லை, கீழே ஒரு சொல்லையும் மாற்றாதே. மேலே மட்டும், என்ன நடந்தது, யார் சொல்லியும் அவர்கள் கேட்காமல் விட்டார்கள் என்று போடு. ‘பிரேக் பிடிக்கவில்லை என்று தொழிலாளி சொல்லியும் ஓட்டிய லிஃப்ட் விழுந்தது’. அழகாக இல்லை என்றால் போகட்டும், அப்பா செத்ததும் அழகாக இல்லை. பரிசு வராது என்று பேராசிரியர் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல், என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். புதுத் தலைப்போடு அச்சானதும் முதல் பிரதியை முதலாளிக்கு அனுப்ப மறந்துவிடாதே. சட்டத்தைக் கழற்றிய கையோடு ஆணியையும் பிடுங்கிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மாறாத அன்புடன்,
உன் அம்மா