பிஸ்கட் டின்னுக்குள் அழிறப்பர்கள்

எடி, இன்று பின்னேரம் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். குப்பென்று ஸ்ட்ரோபரி வாசம். உள்ளே ஐந்து அழிறப்பர்கள், அதில் ஒன்று பாதி கடிபட்டது. உன் கடைசி வகுப்பன்று மழைக்குப் பயந்து ஓடிய பிள்ளைகள் எடுக்க மறந்தவை. பிறகு ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் அழிறப்பரை இதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டவள் நீ. நான் சண்டை பிடித்தேன். "கொப்பி அசிங்கமாக் கிடந்தா தாய்மார் என்னைத்தான் பேசுவினம்." நீ சிரித்தாய். "அழிச்சுப் போட்டா எங்க பிழைச்சதெண்டு எப்பிடியடி பாக்கிறது? ஒரு கோட்டைப் போட்டுட்டுக் கீழ எழுதட்டும்."

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி, வியர்த்துக் கொட்ட வெள்ளவத்தைக்கு வருவாய். என் சாப்பாட்டு மேசையில் கணக்கும் விஞ்ஞானமும் உனக்கு, தமிழும் வரலாறும் எனக்கு. வீட்டுவேலையை நாங்கள் செய்துகொடுப்பதில்லை; பிள்ளை தானே செய்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்போம். அதுதான் எங்கள் ஒப்பந்தம். நடுவில் இப்படி விட்டுவிட்டுப் போவது அதில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ கண்ணை மூடிய மூன்றாம் மாதம் நிரோஷாவின் அம்மா வந்தா. "கணக்குக்கு ஆளில்லையெண்டா வேற இடம்தான் பாக்கவேணும் மிஸ். இந்த வருஷம் ஓ.எல். சோதினை எல்லோ." நியாயமான பேச்சு. நிரோஷா போனால் மற்ற நாலு பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள். நீயும் நானும் சேர்த்துப் பிடித்த வகுப்பு அத்தோடு சரி. "ஒரு மாதம் தாங்கோ, நான் படிப்பிக்கிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்ட நான்! அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

தினமும் விடிய எழும்பி உன் கொப்பிகளோடு மல்லுக்கட்டினேன். நேற்றுத் துணிந்து பலகையில் ஒரு வயதுக் கணக்கைச் செய்தேன். விடை வந்தது: அப்பாவுக்கு ஒன்பது வயது, மகனுக்குப் பன்னிரண்டு. பிள்ளைகள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. டஸ்டரை எடுத்தேன்.

"ஐயோ மிஸ், அழிக்காதேங்கோ!" நிரோஷா எழும்பியே விட்டாள். "எங்க பிழைச்சதெண்டு பாப்பம்."

உன் வசனம், உன் இழுவையோடு. என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறு பேருமாக ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்றாவது வரியில் அகப்பட்டது: அடைப்புக்குறிக்கு முன்னால் நின்ற கழித்தலை நான் கவனிக்கவில்லை. ஒரு கோடு போட்டேன். கீழே திரும்ப எழுதினேன். அப்பா நாற்பதுக்கு ஏறினார், மகன் பத்துக்கு இறங்கினான். கைதட்டினார்களடி, எனக்கு! கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை.

செருப்பைப் போடும்போது நிரோஷா சொன்னாள், "அம்மாவோட நான் கதைக்கிறன் மிஸ். நாங்க எங்கயும் போகேல்ல."

நாளைக்கு இருபடிச் சமன்பாடு. எனக்கு அது இன்னும் ஒழுங்காக வராது. நீ இல்லாமல் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வகுப்பை நிறுத்தமாட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால் பிழைவிட்டு, கோடு போட்டு, கீழே எழுதுவேன்.

டின்னுக்குள் இப்போது ஆறு அழிறப்பர்கள். ஆறாவது என்னுடையது.