உங்களுக்குப் பொருந்திய பொன்னிறம்

மச்சாள்,

உங்களுடைய முடி வளையம் என் குசினி மேசையில் கிடக்கிறது. பார்த்தால் சாவிக்கொத்துப்போல இருக்கும். சாவிகள் தொங்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு முடிக்கற்றைகள், வெண்ணெய் நிறத்தில் தொடங்கிப் பனங்கட்டி நிறம்வரைக்கும். நீங்கள் வேலை செய்த சலூனில் வந்து உட்காருகிறவர்களின் கழுத்தோடு இதைத்தான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பீர்கள். கையில் எடுத்தால் சாய மருந்தின் நெடி இன்னும் மூக்கில் ஏறுகிறது. உங்களைப் புதைத்து ஒரு குளிர்காலம் முழுதாகப் போய்விட்டது, நெடி போகவில்லை. என் எரிச்சலும் போகவில்லை.

சலூன்காரி உங்கள் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு ஜெனியிடம் கொடுத்தாள். உங்கள் தம்பியிடம் கொடுக்கவில்லை, அவர் பெண்சாதி என்னிடமும் கொடுக்கவில்லை, நான் பெற்ற மகளிடம் கொடுத்தாள். "மாமி எனக்கெண்டுதானே வைச்சிருப்பா" என்று ஜெனி அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் செய்து கொடுத்த காப்புகளை அவள் ஒரு நாளும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

அவளுக்கு வருகிற மாதம் கல்யாணம். உங்களுக்குத் தெரியாததா, பையனைப் பற்றி எனக்கு முன்னமே உங்களுக்குத்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு அவளுடைய தலைக்கு உங்கள் கையாலேயே நிறம் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தீர்களாம். இனி வேறு யாரோதான் போட வேண்டும். ஆனால் நிறம் மட்டும் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னாள்.

"மாமியின்ர அதே புளொண்ட் அம்மா. ஒரு பொட்டும் மாறக்கூடாது."

"அது உனக்குப் பொருந்தாது, பிள்ளை."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு மாமியிலை எப்பவும் எரிச்சல்தானே."

உங்கள் தம்பி குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்கு வந்த வில்லங்கம். உங்கள் பொன்னிறத்தைப் போட்டால் என் பிள்ளை கல்யாணத்தன்று நோய்க்காரிபோல நிற்பாள். வேண்டாம் என்று தடுத்தால், செத்துப்போன மாமியில்கூட அம்மாவுக்குப் பொறாமை என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை காலையில் வளையத்தோடு வா, பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை இன்றுதான்.

இந்தப் பொறாமை எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்யாணத்தில். உங்கள் தம்பி தாலிக்கொடியைக் கழுத்தில் போட, தமக்கை என்ற முறையில் பின்னால் பூட்டைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றீர்கள். நான் கறுப்பு. நீங்கள் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஒரு வெள்ளை. என் முகத்துக்கு அன்று டப்பாக் கணக்கில் பவுடர் அப்பியிருந்தார்கள். அப்படியிருந்தும், "பொம்பிளையைவிட மச்சாள்காரி வடிவு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. படக்காரனுக்கும் அந்த எண்ணம்தான் இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பட அல்பத்தைத் திறந்தால் பாதிப் படங்களில் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், நான் ஓரத்தில் நிற்கிறேன்.

டோர்வல் விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்த காலம்தான் எனக்கு நிம்மதியான காலம். விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற இடம். இருவருக்கும் ஒரே வெள்ளை அங்கி, தலையில் ஒரே வலைத்தொப்பி. அந்தத் தொப்பியைப் போட்டால் பேரழகியும் நானும் ஒன்றுதான். நீங்கள் அதை வெறுத்தீர்கள். "இந்த வலைக்குள்ளையே நரைச்சுச் சாகப்போறன் போல கிடக்கு" என்று கழற்றும்போதெல்லாம் புறுபுறுப்பீர்கள். பிறகு உண்மையாகவே வேலையை விட்டுவிட்டு, அந்த வயதில் பிரெஞ்சில் தலையலங்காரம் படித்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அந்தச் சலூனில் ஆட்களை இருத்தி முடி வெட்ட ஒரு கதிரையைப் பிடித்தீர்கள். நான் தொப்பிக்குள்ளேயே இருந்தேன்.

நீங்கள் முதலில் நிறம் போட்டது உங்கள் தலைக்குத்தான். அந்தத் தலையோடு நீங்கள் பூசைக்கு வந்த அன்று கோயிலே திரும்பிப் பார்த்தது. ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற தமிழ்ப் பெண், பச்சைச் சேலை, தலையில் தேன் கலந்த இளம் பொன்னிறம். கேலிக்கூத்தாக இருக்கும் என்று எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் தெரியுமா! இல்லை. பிறந்ததிலிருந்து அந்த முடியோடு இருந்தவர்போல இருந்தீர்கள். வேரடியில் கொஞ்சம் கறுப்பை விட்டு, புருவத்தைத் தொடாமல், முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு வெளிச்சம். பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்க்கவில்லை. உங்கள் பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமையே சலூனில் வந்து நின்றேன். வெளியே போகும்போது நான் எப்படிப் போவேன் என்று தெரியும்தானே, முகத்தில் பவுடர், கழுத்தில் பவுடர் இல்லை.

"எனக்கும் இதே நிறத்தைப் போட்டுவிடுங்கோ, மச்சாள்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். "நீர் முதலிலை முகத்தைக் கழுவிப்போட்டு வாரும்."

"ஏன், ஊத்தையாய்க் கிடக்கோ?"

"பவுடருக்கு நிறம் தெரிஞ்செடுக்கேலாது. எங்கட சனம் விடுற பிழையே இதுதான். முகத்துக்கு ஒண்டைப் பூசிக்கொண்டு வந்து, அதுக்குப் பொருத்தமாய்த் தலைக்கும் கேப்பினம். வீட்டை போய்க் கழுவினாப்பிறகு தலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்."

கழுவிக்கொண்டு வந்தேன். யன்னலுக்குக் கிட்ட இருத்தி, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிடச் சொன்னீர்கள். உங்கள் வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிக் கொடிக்குப் பக்கத்தில் பிடித்தீர்கள். பவுண் தோலோடு சேர்ந்து துலங்கினால் தேன், பனங்கட்டி மாதிரிச் சூடான நிறங்கள் பொருந்தும், வெள்ளி எடுப்பாக இருந்தால்தான் சாம்பல் கலந்த நிறங்களுக்குப் போகலாம், தோல் கறுப்பானால் வெளிறிய நிறம் முகத்தை மங்கடிக்கும், ஆழமான நிறம்தான் வேண்டும் என்றீர்கள். வெள்ளைக்காரப் பெண்களுக்கு மணிக்கட்டு நரம்பைப் பார்ப்பார்களாம், எங்களுக்குக் கொடியைவிட நல்ல சோதனை இல்லையாம்.

"இஞ்சை பாரும், உம்மட கழுத்திலை பவுண் என்னமாதிரித் துலங்குது. எனக்குக்கூட இப்பிடி இல்லை."

அப்படிச் சொல்லிவிட்டு வளையத்தின் கடைசியில் கிடந்த பனங்கட்டி நிறக் கற்றையை என் கழுத்தோடு வைத்தீர்கள். பொன்னும் மண்ணிறமும் கலந்தது. அதுதான் எனக்கு என்றீர்கள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழும்பினேன். நல்லதை உங்கள் தலைக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சிக் கிடப்பதை எனக்குத் தருகிறீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தக் கோபத்தில் டவுன்டவுனில் ஒரு பெரிய சலூனுக்குப் போய், படத்தில் இருந்ததிலேயே வெளிறிய பொன்னிறத்தைத் தொட்டுக் காட்டினேன். என் கறுப்பு முடியை வெளுக்க வெளுக்க முதலில் தோடம்பழச் செம்மஞ்சள் நிறமானது. பிறகு அதன் மேல் சாம்பல் நிறத்தை ஏற்றினார்கள். பவுடர் முகத்துக்கு அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. வீட்டில் முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது உங்கள் தம்பி பயந்துபோய், "என்னப்பா, காய்ச்சலோ?" என்று கேட்டார். அடுப்புச் சாம்பலைத் தலையில் கொட்டிக்கொண்டவள்போல இருந்தேன்.

உங்களிடம்தான் திரும்பி வந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கறுப்பைப் போட்டுவிட்டு, "ஆரும் கேட்டால் ஒண்டும் சொல்லாதையும்" என்றீர்கள். வடிவும் உங்களுக்கு, துணிவும் உங்களுக்கு, பெருந்தன்மையும் உங்களுக்கே என்றால் மற்றவர்கள் எதை வைத்துக்கொண்டு வாழ்கிறது?

பிறகு ஜெனியும் உங்களிடம் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே சலூனுக்கு வந்து அந்தச் சுழல்கதிரையில் குந்திக்கொண்டு உங்களோடு கதை. அவளுக்கு என் நிறம், அச்சொட்டாக என் நிறம். ஆனால் சாயல், கதை, சிரிப்பு எல்லாம் மாமியாம். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை.

உங்களைப் பெட்டியில் கிடத்தியிருந்த அன்றும் நான் முதலில் பார்த்தது தலையைத்தான். உங்களை அறியாத யாரோ ஒருவர் அலங்கரித்திருந்தார். முகத்தில் கோதுமைமாப்போல வெள்ளைப் பூச்சு. அதன் மேல் உங்கள் தேன்நிற முடி கடையில் வாங்கி வைத்ததுபோலக் கிடந்தது. "இப்பவும் வடிவாய்த்தான் கிடக்கிறா" என்று பெண்கள் அழுதார்கள். இல்லை, நீங்கள் வடிவாக இல்லை. நான் அறிய முதல்முறையாக நீங்கள் வடிவாக இல்லை. எத்தனையோ காலம் நான் பார்க்க ஆசைப்பட்டது அது.

ஈரத் துணியை வாங்கி உங்கள் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினேன். அஞ்சலி மண்டபத்து ஆள் ஓடிவந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். "பொறும், இது என்ர மச்சாள்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்து துடைத்தேன். பூச்சு விலகி உங்கள் மஞ்சள் நிறம் கொஞ்சம் தெரிந்தது. அதன் பிறகுதான் தலை மறுபடியும் உங்கள் தலையாகியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்று காலை ஜெனி வந்தாள். சண்டைக்கு ஆயத்தமாக, முகம் முழுக்கப் பூச்சோடு வந்தாள். நான் வாதாடவில்லை.

"முதலிலை முகத்தைக் கழுவிப்போட்டு வா."

வளையத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கழுவினாள். யன்னலுக்குக் கிட்ட இருத்தினேன். கல்யாணத்துக்கு முதல் கொடியை அவள் கழுத்தில் வைக்கக்கூடாது, அதனால் என் பதக்கச் சங்கிலியைப் போட்டுவிட்டேன். முதலில் அவள் கேட்ட உங்கள் நிறத்தையே அவள் கழுத்தோடு பிடித்தேன். கண்ணாடியில் அவள் முகம் சட்டென்று மங்கிப்போனது. அவளும் கண்டாள். பிறகு வளையத்தின் கடைசிக்குப் போய்ப் பனங்கட்டி நிறத்தை எடுத்து வைத்தேன். பவுணும் முடியும் தோலும் ஒன்றுக்கொன்று பேசி வைத்ததுபோல இருந்தன.

"அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இது ஆர் தெரிஞ்செடுத்தது? மாமி சொன்னவவோ?"

"இல்லை. நான்தான்," என்றேன்.

பொய்தான் மச்சாள். சொல்லிவிட்டேன். அந்தப் பேரை இனித் திருப்பித் தரமாட்டேன்.

அவள் எழும்பி அதே கற்றையை என் கழுத்தில் வைத்தாள். கண்ணாடியில் இரண்டு கறுப்புக் கழுத்துகள், ஒரே நிறம். "உங்களுக்கும் இதுதானம்மா. ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போடுவம்" என்று என் தோளில் நாடியை ஊன்றிக்கொண்டாள். அவள் உங்களோடு அப்படி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகும்போது வளையத்தையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

வருகிற மாதம் அந்தத் தலையோடு நான் கல்யாண மண்டபத்துக்குள் போவேன். முகத்துக்குப் பவுடர் போட மாட்டேன். வளையம் கைப்பைக்குள் இருக்கும். படக்காரன் என்னை நடுவில் நிறுத்துவான். பின்னாலிருந்து யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், என்னோடு வைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் கேட்டது இதைத்தான். இப்போது கிடைக்கப்போகிறது. பக்கத்தில் நீங்கள் இல்லாமல் அந்தப் படத்துக்கு எப்படிச் சிரிக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை, மச்சாள்.