எந்த எண்ணுக்கு எழும்புவது

அங்கிள்,

மோர்னிங்சைட்டில் நம்மவர் கடையொன்றில் இன்று நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்து மணந்துகொண்டு நின்றேன். "மணந்தது காணும் தங்கச்சி, வாங்கிறியளோ?" என்றார் கடைக்கார அண்ணை. எனக்கு எங்கும் நோவில்லை. உங்கள் முழங்கால்களின் நினைவு வந்துவிட்டதால் வாங்கினேன்.

வெக்ஸ்போர்ட்டில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தது உங்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தும் வேலைக்கு. இளவயதில் கால்பந்து விளையாட அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்து, தன்னைக் கலியாணம் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று அன்ரி சொன்னா. கால்பந்து என்றால் காலால் அடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களோ அத்தனை வருடமும் பந்தைத் தொட்டதே இல்லையாம். முன்வரிசையில் ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்திருந்து, உங்கள் அணியில் பந்தைக் கையில் அணைத்து ஓடுபவனை எவனும் பிடிக்காதபடி, எதிரே வருகிறவனை மார்பால் தடுப்பதுதான் உங்கள் தொழில். ஓடினவனின் படம் பேப்பரில் வரும். உங்களுக்கு மூக்கு உடையும். ஆட்டமில்லாத மாதங்களில் இரும்புத் தொழிற்சாலையில் சுமை தூக்கினீர்கள்.

முதல் நாள் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணி உங்களை எழுப்பப் பார்த்தேன். நீங்கள் "டூ"வில் எழும்ப, இருவருமாகக் கட்டிலில் விழுந்தோம். நீங்கள் என்மேல் விழாதது நான் செய்த புண்ணியம். உங்களுக்கோ கோபம்.

"எந்த எண்ணுக்கு எண்டு முன்னமே சொல்லோணும்."

உங்கள் ஆங்கிலம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவிருக்கிறது. எந்த எண்ணுக்குப் பாய்வது என்று ஆட்டக்காரர்கள் முதலே வட்டமாக நின்று இரகசியமாகப் பேசிக்கொள்வார்களாம். முந்தி அசைந்தால் தண்டனை. எதிரணியும் சத்தம் போட்டு ஏமாற்றப் பார்க்குமாம். ஆர் கத்தினாலும் அசையக்கூடாது.

"உன்ரை பாசையிலை எண்ணு. மற்றப் பக்கத்துக்கு விளங்காது" என்றீர்கள்.

"மற்றப் பக்கம் ஆர் அங்கிள்?"

"இப்ப ஒருத்தருமில்லை. எண்டாலும் பழகி வைப்பம்."

பழகினோம். பிறகு மறதி வந்து உங்கள் மகளின் பெயரைக்கூடத் தின்றது. "மூண்டு" மட்டும் தப்பியது.

அப்போதுதான் உங்களை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். ஒரு ஆள் துணையோடு நீங்கள் எழும்பாவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அன்ரிக்கு இடமில்லை. அன்ரி தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, அதை மூட்ட மறந்து நின்றா.

அதிகாரி நல்ல மனிசிதான். உங்கள் கையைப் பிடித்து "ஒன், டூ, த்ரீ" என்றார். நீங்கள் பிள்ளையார் மாதிரி இருந்தீர்கள். இன்னொரு முறை எண்ணினார். அசைவில்லை. அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"நான் ஒருக்கால் எழுப்பிப் பாக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு உங்கள் காதருகே குனிந்தேன். "அங்கிள், மூண்டுக்கு."

ஒண்டு. ரெண்டு. நீங்கள் மூச்சை இழுத்தது கேட்டது. மூண்டு என்றதும் எழும்பி நின்றீர்கள். என் கை சும்மா உங்கள் முழங்கையில் கிடந்தது.

அதிகாரிக்கு ஆச்சரியம். "என்ன சொன்னனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.

"அது எங்கடை ஆக்களுக்கு மட்டும்."

உங்களை ஒருவரும் கொண்டுபோகவில்லை. அடுத்த பனிக்காலம், உங்கள் கட்டிலிலேயே, அன்ரி பக்கத்தில் படுத்திருக்க, போய்ச் சேர்ந்தீர்கள். சொந்தத்துக்கு அழுவதுபோல அழுதேன்.

இந்த நாட்டில் என்னை எந்த ஊர் என்று கேட்காதவர்கள் குறைவு. நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி மாதங்களில் என் பெயர்கூட உங்களுக்கு ஞாபகமில்லை. நான் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.