குளிர் காணாத உள்ளி

இன்று காலை பல்கனியில் உள்ளி நட்டிருந்த பெயின்ற் வாளியைக் கவிழ்த்தேன். நீ அனுப்பிய உள்ளிப்பூடு இந்த முறை பல்லுப் பிரிந்திருக்கிறது. நாலு பல், நடுவில் விறகுக் குச்சி போல உன் குளிர்தேச உள்ளியின் தண்டு. நகத்துக்குள் ஏறிய மணம் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. சிரிக்கத்தான் வேண்டும், சொல்லிச் சிரிக்க நீ இல்லை.

இங்கிருந்து நீ நோர்வேக்குப் போனது குளிரில் ஆசைப்பட்டு இல்லை. கலியாணம் கட்டிப் பதினொரு வருடம், கையில் பிள்ளை இல்லை. கால்சாப் பகுதித் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி தவறாமல் கேட்பாள்: “என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?” நீ தலை குனிவாய். நான்தான் பாய்வேன். “ஓம் அக்கா, இருக்கு. உங்கட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கிறம்.” பஸ் ஏறும்வரை நீ சிரிப்பாய். ஆனாலும் அந்த வாய்களுக்குப் பயந்துதான் அத்தனை தூரம் போனாய்.

அங்கே உள்ளி போட்டாய். மண் இறுகுமுன் நட்டு, வைக்கோலால் மூடி, ஆறு மாதம் பனிக்குக் கீழே விட்டுவிடுவாயாம். கோடையில் தண்டு சுருளும்போது நறுக்கிவிட்டால் கிழங்கு பருக்குமாம். ஐந்து உள்ளிப்பூடுகளைப் பொதி கட்டி அனுப்பி, “அக்கா, நீங்களும் நட்டுப் பாருங்கோ” என்று எழுதினாய்.

நட்டேன். இந்த வெயில் நகரத்துச் சீசாப் பகுதியில் எங்கள் பல்கனிக்குக் குளிர்காலம் என்றால் ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவுதான். கிண்டியபோது பல்லே இல்லாத ஒற்றை உருண்டைகள், சின்ன வெங்காயம் மாதிரி. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்துத்தான் மெதுவாக வரும், பகிடி முந்திவிடும். “எடியே, உன்ரை உள்ளி மலட்டு உள்ளி. ஒண்டையும் பெறேல்லை” என்று எழுதி, சிரித்தபடியே தபாலில் போட்டேன். வீட்டுப் படியேறும்போதுதான், யாருக்கு என்ன எழுதினேன் என்பது உறைத்தது. தபால் பெட்டிக்குள் கை போகாது.

உன் பதில் சின்னத் துண்டில் வந்தது. “அது மலடில்லை அக்கா. குளிர் காணாத உள்ளி பல்லுப் பிரியாது. உருண்டையை எறியாமல் ரெண்டு மாதம் ஃபிரிட்ஜில வைச்சுத் திரும்ப நடுங்கோ.” ஒரு பகிடி இல்லை, ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருக்கலாம். நீ சொன்னபடியே உருண்டைகளை ஃபிரிட்ஜில் வைத்துத் திரும்ப நட்டேன்.

மன்னிப்புக் கேட்கவென்றே ஒரு ஞாயிறு டெலிபோன் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் நாக்கு பழைய வழிக்கே ஓடியது.

“என்னடி, உன்னைக் கரடி ஒண்டும் தூக்கேல்லையோ?”

“இல்லை அக்கா. உள்ளிக்குப் பாத்தி வெட்டுறன்.”

டெலிபோன் அட்டையில் காசு முடிந்து லைன் அறுந்தது. அடுத்த முறை கேட்கலாம் என்று விட்டேன். தை மாதம் உன் கார் உறைந்த வீதியில் சறுக்கியது.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு உன் மனிசன் டெலிபோனில் என்னோடு கதைத்தார். “உங்கட கடிதம் வந்தால் எனக்கு உரத்து வாசிச்சுக் காட்டிச் சிரிப்பாள். கடைசியா வந்ததை மட்டும் வாசிக்கேல்லை. என்ன அக்கா எழுதினனீங்கள்?”

“உள்ளியைப் பற்றித்தான், தம்பி” என்றேன்.

அவர் நம்பினார். உன்னிடம் கேட்காத மன்னிப்போடு, அவரிடம் சொல்லாததும் சேர்ந்து என்னிடமே கிடக்கிறது.